கும்பிடுபூச்சி சாப்பிட மறுக்கிறதா? பட்டினி எது, தோலுரிப்பு எது?

வளர்ப்புக் கும்பிடுபூச்சி இரையைத் தொடாமல் இருந்தால் பயப்பட வேண்டுமா? எப்போது விட்டுவிட வேண்டும், எப்போது ஊட்ட வேண்டும்? ராமநாதபுரம் கடலோர வீடுகளுக்கு ஏற்ற ஒரு விளக்கம்.

ராமநாதபுரம், ராமேசுவரம் பக்கம் ஆண்டு முழுவதும் வெயில். மழை என்று பார்த்தால் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான். அந்த மழை பெய்து, வேலியோரச் செடிகள் துளிர்த்துவிட்டால் பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். ராத்திரி பால்கனி டியூப்லைட்டைச் சுற்றி அந்துப்பூச்சிகள் மொய்க்கும். அவற்றைத் தேடி, முன்கால்களைக் கூப்பியபடி ஒரு பச்சைப்பூச்சியும் வந்து நிற்கும். ஊருக்கு ஊர் கும்பிடுபூச்சி, பெருமாள் பூச்சி, இடையன்பூச்சி, தயிர்க்கடைப்பூச்சி என்று அதற்குப் பல பெயர்கள்.

தலையைத் திருப்பி ஆளையே உற்றுப் பார்க்கும் பூச்சி வேறு அதிகம் இல்லை. அதனால்தான் உலகம் முழுக்கப் பலர் இதைச் செல்லப்பிராணியாக வளர்க்கிறார்கள். நாய், பூனை வைத்துக்கொள்ள முடியாத வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது வசதி. சத்தம் இல்லை, முடி கொட்டாது, ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் அளவு இடம் போதும். ஆனால், வளர்க்கத் தொடங்கிய சில நாள்களிலேயே எல்லோருக்கும் ஒரே கவலை வந்துவிடும்: "மூணு நாளா எதுவுமே சாப்பிட மாட்டேங்குது, செத்துருமோ?"

பெரும்பாலும் சாகாது. சொல்லப்போனால், அந்த நேரத்தில் எப்படியாவது சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று எடுக்கும் முயற்சிதான் பல பூச்சிகளின் உயிரைப் பறிக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் வயிற்றைப் பாருங்கள்

கும்பிடுபூச்சிக்குப் பசிக்கிறதா என்பதை அதன் வயிறே சொல்லிவிடும். நன்றாகச் சாப்பிட்ட பூச்சியின் வயிறு பருத்து உருண்டிருக்கும். பசியில் இருக்கும் பூச்சியின் வயிறு தட்டையாக, இலைபோல் ஒட்டிக் கிடக்கும்.

வயிறு பருத்திருக்கும்போது இரையைத் தொடவில்லை என்றால் அதற்குப் பசியில்லை, அவ்வளவுதான். ஒரு பெரிய வெட்டுக்கிளியைத் தின்ற பூச்சி இரண்டு மூன்று நாள் வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. மனிதர்களைப்போல மூன்று வேளை சாப்பாடு இதற்குக் கிடையாது. மிகச் சிறிய குஞ்சுகளுக்குத் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் இரை வேண்டும். பாதி வளர்ந்தவற்றுக்கும் பெரியவற்றுக்கும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும்.

எவ்வளவு நாள் தாங்கும்? நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரிய பூச்சி தண்ணீர் கிடைத்தால் ஒரு வாரம்கூடச் சாப்பிடாமல் இருந்துவிடும். பிறந்து சில நாளே ஆன குஞ்சு அப்படித் தாங்காது. ஆகவே, எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று மட்டும் எண்ணிப் பயனில்லை. எந்த வயதுப் பூச்சி, வயிறு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாப்பிடாததற்கு முதல் காரணம் தோலுரிப்பு

கும்பிடுபூச்சியின் உடலுக்கு வெளியே கெட்டியான மேலோடு இருக்கிறது. அது உடலோடு சேர்ந்து வளராது. அதனால் பூச்சி வளர வேண்டுமென்றால் பழைய தோலைக் கழற்றியே ஆக வேண்டும். முட்டையிலிருந்து வந்தது முதல் இறக்கை முளைத்த பெரிய பூச்சியாகும் வரை, இனத்தைப் பொறுத்து ஏறத்தாழ ஆறு முதல் ஒன்பது முறை இப்படித் தோலுரிக்கும். பட்டாம்பூச்சிபோல் கூட்டுப்புழுப் பருவம் இதற்கு இல்லை. ஒவ்வொரு தோலுரிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும்.

தோலுரிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பூச்சி சாப்பாட்டை நிறுத்திவிடும். கடைசித் தோலுரிப்புக்கு முன்பு இந்த இடைவெளி இன்னும் நீளும். வளர்ப்பவர் பயந்துபோவது பெரும்பாலும் இந்த நாள்களில்தான். இது நோயில்லை என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு:

• வயிறு பருத்திருந்தும் இரையைக் கண்டால் விலகிப் போகும். சில சமயம் பயந்து பின்வாங்கும்.

• கூண்டின் மேற்பகுதியில், ஒரே இடத்தில், மணிக்கணக்கில் தலைகீழாகத் தொங்கும்.

• உடலின் நிறம் மங்கித் தெரியும்.

• இறக்கை முளைக்கப்போகும் கடைசித் தோலுரிப்பு என்றால், முதுகில் இருக்கும் இறக்கை மொட்டுகள் உப்பிக்கொண்டு வரும்.

இவற்றைப் பார்த்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். உள்ளே கிடக்கும் இரையை வெளியே எடுத்துவிட்டு, கூண்டைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

இரையை ஏன் எடுக்க வேண்டும்? தோலுரிக்கும்போது கும்பிடுபூச்சி பின்னங்கால்களால் மேலே பற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடி பழைய தோலிலிருந்து கீழ்நோக்கி வழுக்கி வெளியே வரும். புதிய உடல் அப்போது வெண்ணெய் மாதிரி மென்மையாக இருக்கும். அந்த நேரத்தில் கூண்டுக்குள் ஒரு சுவர்க்கோழி சுற்றிக்கொண்டிருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். சுவர்க்கோழி கிடைத்ததைக் கடிக்கும் பூச்சி. வேட்டைக்காரனையே அது கடித்துக் காயப்படுத்திவிடும். இரை பூச்சியின் மேல் மோதினால்கூட பிடி நழுவிக் கீழே விழும். கீழே விழுந்தால் கால்கள் கோணலாகவே இறுகிப்போகும். அப்படி முன்கால் வளைந்துபோன பூச்சியால் பிறகு வேட்டையாட முடியாது.

இதனால்தான் கூண்டின் உயரம் முக்கியம். பூச்சியின் நீளத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு உயரமும் இரண்டு மடங்கு அகலமும் இருக்க வேண்டும். மூடியில் கொசுவலை ஒட்டியிருந்தால் கால் நன்றாகப் பிடிக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் மூடியில் பிடி கிடைக்காது. தோலுரித்து முடிந்த பிறகும் உடல் இறுக ஒரு நாளாவது வேண்டும். அதன் பிறகுதான் இரை. அப்போது அது சாப்பிடும் வேகத்தைப் பார்த்தால், இத்தனை நாள் பட்டினி கிடந்ததா என்றுதான் தோன்றும்.

அசையாதது இரை இல்லை

தோலுரிப்பும் இல்லை, வயிறும் ஒட்டிக் கிடக்கிறது, ஆனாலும் சாப்பிடவில்லை. அடுத்து கவனிக்க வேண்டியது, அதற்கு இரை இரையாகத் தெரிகிறதா என்பதை.

கோழித்துண்டு, செத்த ஈ, மீன் தீவனம் ஆகியவற்றைத் தட்டில் வைத்துவிட்டு, "சாப்பாடு வச்சேன், திங்கல" என்று சொல்வதில் பொருளில்லை. கும்பிடுபூச்சி பதுங்கி நின்று, அசைவதைப் பார்த்துப் பாயும் வேட்டைக்காரர். அசையாத பொருள் அதன் கணக்கில் இரையே இல்லை.

இதற்கு நல்ல விளக்கம் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வில் கிடைத்தது. விஞ்ஞானி ஜென்னி ரீட் தலைமையிலான குழுவில் விவேக் நித்யானந்தா முக்கியமான ஆய்வாளர். கும்பிடுபூச்சிகளின் முகத்தில் நீலம், பச்சை வடிகட்டித் தாள்களால் ஆன குட்டிக் கண்ணாடிகளைத் தேன்மெழுகால் ஒட்டினார்கள். தியேட்டரில் 3டி படம் பார்க்கக் கொடுப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். திரையில் பூச்சி போன்ற ஓர் உருவம் நகர்ந்தது. படம் 3டியில், கைக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தபோது கும்பிடுபூச்சி பாய்ந்து பிடிக்கப் பார்த்தது. அதே படம் சாதாரணமாகத் தெரிந்தபோது பாயவில்லை. 2016ல் வெளியான இந்த ஆய்வு, இரண்டு கண்ணின் காட்சியையும் ஒப்பிட்டுத் தூரத்தைக் கணிக்கும் திறன் கும்பிடுபூச்சிக்கு இருப்பதை உறுதிசெய்தது.

2018ல் அதே குழு இன்னொன்றையும் காட்டியது. மனிதக் கண்கள் இரண்டு காட்சியிலும் உள்ள எல்லா விவரங்களையும் ஒப்பிடுகின்றன. கும்பிடுபூச்சியோ காட்சியில் எந்த இடம் மாறுகிறதோ, அதாவது எது அசைகிறதோ, அதை மட்டும் ஒப்பிட்டுத் தூரத்தைக் கண்டுபிடிக்கிறது. அவ்வளவு சிறிய மூளைக்கு இது சிக்கனமான வழி.

வளர்ப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. இரை அசைய வேண்டும். எட்டும் தூரத்தில் அசைய வேண்டும். கூண்டின் அடியில் காகிதத்துக்குக் கீழே ஒளிந்துகொள்ளும் கரப்பான் குஞ்சு, மேலே தொங்கும் பூச்சிக்குத் தெரியவே தெரியாது. மிகப்பெரிய கூண்டில் ஒற்றை ஈயை விட்டாலும் இதே கதைதான்.

இரையின் அளவும் முக்கியம். பூச்சியின் உடல் நீளத்தில் பாதிக்கு மேல் போகாத இரையே நல்லது. அதைவிடப் பெரியதாக இருந்தால் சில பூச்சிகள் முன்கால்களை விரித்து மிரட்டும் அல்லது ஓடி ஒளியும். அதைப் பார்த்து "பசியில்லை போல" என்று நினைத்துவிடக் கூடாது. பயம்தான் காரணம்.

மண்டபத்தில் மீன்குஞ்சுக்கும் இதே சிக்கல்தான்

உயிருள்ள, அசையும், வாய்க்கு அடங்கும் உணவு வேண்டும் என்ற சிக்கல் கும்பிடுபூச்சிக்கு மட்டும் உரியதில்லை. ராமேசுவரத்துக்குப் போகும் வழியில், பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் மண்டபத்தில், இதே சிக்கலை அரசு ஆய்வு நிலையம் ஒன்று பெரிய அளவில் தீர்த்திருக்கிறது.

மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1947ல் தொடங்கப்பட்டது. 1971ல் தலைமையகம் கொச்சிக்கு மாறும் வரை அது மண்டபம் முகாமில்தான் இயங்கியது. இப்போதும் அங்கே அதன் மண்டல மையம் இருக்கிறது. கோபியா எனப்படும் கடல்விரால் மீனை இந்தியாவில் முதல்முறையாகத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு உற்பத்தி செய்தது 2010ல், இந்த மண்டபம் மையத்தில்தான்.

முட்டை பொரிந்த கடல்விரால் குஞ்சுக்கு உடனே தீவனத்தைத் தூவிவிட முடியாது. முதலிரண்டு நாள் மஞ்சள்கருப் பையில் இருக்கும் சத்தைக்கொண்டு ஓட்டிவிடும். வாய் திறக்கும்போது அது அவ்வளவு சிறியது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்தான் உள்ளே போகும். குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் அதைவிடப் பெரிய ஆர்ட்டீமியா குஞ்சுகள். அதற்கும் பிறகுதான் மெல்ல மெல்ல செயற்கைத் தீவனத்துக்குப் பழக்குவார்கள். எனவே மீன் முட்டையிடும் முன்பே, அதன் குஞ்சு சாப்பிடப்போகும் உயிருணவைத் தொட்டிகளில் வளர்த்துத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

கும்பிடுபூச்சிக்கும் வரிசை இதுதான். ஒரு முட்டைக்கூட்டிலிருந்து பல பத்துக் குஞ்சுகள், சில சமயம் நூற்றுக்கும் மேல் ஒரே நேரத்தில் வெளிவரும். ஒவ்வொன்றும் ஓர் எறும்பு அளவுதான். அன்றைக்குப் போய் இரை தேடினால் நேரம் போதாது. இரை கிடைக்கவில்லை என்றால் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிடும். அதனால் இரையை முதலில் வளர்ப்பது, பூச்சியைப் பிறகு வளர்ப்பது என்பதுதான் சரியான வரிசை. மீன்குஞ்சுக்கும் இதற்கும் ஒரே ஒரு வேறுபாடு. மீன்குஞ்சு ஒருநாள் தீவனத்துக்கு மாறிவிடும். கும்பிடுபூச்சி கடைசி வரை உயிருள்ள இரையைத்தான் கேட்கும்.

எதைக் கொடுப்பது, எங்கே பிடிப்பது?

சிறிய குஞ்சுகளுக்குப் பழ ஈ. இதற்கு எந்தக் கடைக்கும் போக வேண்டாம். நன்றாகக் கனிந்த வாழைப்பழத் துண்டு ஒன்றை பாட்டிலில் போட்டுத் திறந்து வைத்தால் ஓரிரு நாளில் குட்டி ஈக்கள் வந்துவிடும். அவை உள்ளே முட்டையிட்ட பிறகு வாயைத் துணியால் கட்டிவிட்டால், ஏறத்தாழ பத்து நாளில் அடுத்த தலைமுறை தயார். இரண்டு பாட்டில்களை ஒரு வார இடைவெளியில் தொடங்கினால் இரை தீராது.

பாதி வளர்ந்தவற்றுக்கு வீட்டு ஈ, சிறிய அந்துப்பூச்சி. பெரியவற்றுக்கு வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, கரப்பான் குஞ்சு. பறவைக்கும் வண்ணமீனுக்கும் தீனி விற்கும் நகரக் கடைகள் சிலவற்றில் சுவர்க்கோழியும் மீல்வார்ம் புழுவும் கிடைக்கும். மீல்வார்ம் கொழுப்பு அதிகம், மண்ணுக்குள் புதைந்துகொள்ளவும் செய்யும். எனவே எப்போதாவது ஒன்று போதும். எறும்பு வேண்டாம். அது கடிக்கும், பல இனங்களில் அமிலமும் உண்டு.

பிடிக்கும் இடத்தில்தான் ஆபத்து. ராமநாதபுரம் மாவட்டத்தில் முண்டு மிளகாய் பெரிய பயிர். 2023ல் புவிசார் குறியீடும் பெற்றது. மிளகாய், பருத்திக் காடுகளில் மருந்து தெளிப்பது வழக்கம். மருந்து பட்ட வெட்டுக்கிளி சாகாமல் தத்திக்கொண்டிருக்கும். அதைத் தின்ற கும்பிடுபூச்சி நடுங்கிச் செத்துவிடும். பூச்சிமருந்து அடித்த வீட்டில் தள்ளாடி வரும் கரப்பானும், கொசுப்புகை அடித்த தெருவில் பிடித்த ஈயும் அப்படித்தான். கருவாடு காயும் களங்களில் ஈக்கு என்றைக்கும் பஞ்சமில்லை என்றாலும், அழுகலில் மொய்த்த ஈயை நேராகக் கூண்டுக்குள் விடுவது நல்லதில்லை.

வழி என்ன? மருந்து அடிக்காத புல்வெளியில் பிடிக்கலாம். அல்லது பிடித்த இரையை இரண்டு மூன்று நாள் தனிப் பாட்டிலில் வைத்து, கீரையோ கேரட்டோ பழமோ கொடுத்துப் பார்க்கலாம். நன்றாக ஓடியாடினால் மட்டும் கூண்டுக்குள் விட வேண்டும். இரை நன்றாகச் சாப்பிட்டிருந்தால் அந்தச் சத்து கும்பிடுபூச்சிக்கும் போய்ச் சேரும்.

பறந்தால்தான் தின்பேன் என்னும் பூச்சி

எல்லாக் கும்பிடுபூச்சியும் ஒரே ரகமில்லை. உலகில் 2,400க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சாப்பாட்டு விஷயத்தில் வளர்ப்பவர்களை அதிகம் படுத்தும் இனங்களில் ஒன்று தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமானது. ஒல்லியான நீண்ட கழுத்தும் காய்ந்த சருகு போன்ற உடலும் கொண்ட 'வயலின் கும்பிடுபூச்சி' அது. 1758லேயே லின்னேயஸ் பெயரிட்ட இனம்.

1877ல் கல்கத்தாவில், ஆசியாட்டிக் சொசைட்டியின் கூட்டத்தில், இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் ஜான் ஆண்டர்சன் இந்த இனத்தை உயிரோடு காட்டினார். செடியில் தலைகீழாகத் தொங்கும்போது அதன் மார்பின் அகன்ற பகுதி ஒரு பூவைப்போல் தெரியும். பூ என்று நினைத்து நெருங்கி வரும் பறக்கும் பூச்சிதான் இதற்கு இரை.

இந்தப் பூச்சிக்குத் தரையில் ஓடும் சுவர்க்கோழியைக் கொடுத்தால் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. ஈ, அந்துப்பூச்சி என்று பறப்பது வேண்டும். கூடவே நல்ல வெப்பமும் வேண்டும். குளிர்நாடுகளில் இதை வளர்ப்பவர்கள் விளக்குகளால் கூண்டைச் சூடாக்கி, ஈயின் கூட்டுப்புழுக்களை வாங்கிப் பொரிக்க வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். ராமநாதபுரத்தில் வெப்பத்துக்குச் செலவில்லை, இரைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். தான் வளர்க்கும் பூச்சி செடியின் மேல் வேட்டையாடும் இனமா, மரப்பட்டையில் ஓடித் திரியும் இனமா என்று தெரிந்துகொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஏசி அறை, உப்புத் தண்ணீர்

பூச்சிகள் தம் உடல்வெப்பத்தைத் தாமே உருவாக்கிக்கொள்வதில்லை. அறை குளிர்ந்தால் செரிமானம் மெதுவாகும், பசியும் குறையும். வெளியே 33 டிகிரி வெயில் அடிக்க, உள்ளே 20 டிகிரியில் ஏசி ஓடும் படுக்கையறையில் கூண்டை வைத்துவிட்டு, சாப்பிடவில்லையே என்று கவலைப்படுவதில் நியாயமில்லை. காற்றோட்டமான, நேரடி வெயில் படாத ஜன்னலோரம் போதும். கண்ணாடிக் கூண்டை நேராக வெயிலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே உள்ளே அடுப்பாகிவிடும்.

அடுத்தது தண்ணீர். சாப்பாடு இல்லாமல் தாங்கும் பூச்சி தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. உடலில் ஈரம் குறைந்தால் பசி போகும். பழைய தோலும் ஒழுங்காகக் கழலாது, பாதியில் மாட்டிக்கொள்ளும். தட்டில் தண்ணீர் வைப்பதைவிட, ஸ்பிரே பாட்டிலால் இலையிலும் வலையிலும் தெளிப்பது நல்லது. துளிகளைத் தானே குடித்துக்கொள்ளும். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். தெளித்த இடமெல்லாம் வெள்ளைப் படிவம் நிற்கும். வீட்டில் குடிக்கப் பயன்படுத்தும் தண்ணீரையே தெளிப்பது பாதுகாப்பு. தெளித்த ஈரம் சில மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சணம் வரும்.

இரண்டு மூன்று நாளாகச் சாப்பிடாத பூச்சிக்கு முதலில் ஒரு துளி தண்ணீரை வாயருகே காட்டிப் பாருங்கள். குடித்து முடித்த கொஞ்ச நேரத்தில் இரையைத் தேடத் தொடங்குவதும் உண்டு.

கையால் ஊட்டலாமா?

ஊட்டலாம். ஆனால், தோலுரிப்பு இல்லை என்று உறுதியான பிறகு மட்டும். வயிறு ஒட்டிக் கிடக்க வேண்டும், தோலுரித்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும், வெப்பமும் தண்ணீரும் சரியாக இருக்க வேண்டும். இவை எல்லாம் இருந்தும் சாப்பிடவில்லை என்றால்தான் இந்தக் கட்டம்.

முதல் வழி, இரையை முனை மழுங்கிய இடுக்கியில் பிடித்து, பூச்சியின் முன்னால் சில சென்டிமீட்டர் தூரத்தில் மெல்ல அசைப்பது. முகத்தில் இடிக்கக் கூடாது. பக்கவாட்டில், நடந்து போவதுபோல் நகர்த்த வேண்டும். பாய்ந்து பிடித்ததும் இடுக்கியை விட்டுவிட வேண்டும், இழுக்கக் கூடாது.

பாயவில்லை என்றால் இரண்டாவது வழி. இரையை இரண்டாக நறுக்கி, ஈரமான உட்பகுதியைப் பூச்சியின் வாயில் லேசாகத் தொட வைப்பது. சுவை தெரிந்ததும் பல பூச்சிகள் மெல்லத் தொடங்கி, பிறகு முன்கால்களால் தாமே வாங்கிக்கொள்ளும். முன்கால் வளைந்துபோன பூச்சியை இந்த முறையில்தான் காப்பாற்ற முடியும். மிகவும் சோர்ந்த பூச்சிக்குத் தண்ணீர் கலந்த தேன் ஒரு சிறு துளி கொடுக்கலாம். அது அந்த நேரத்துத் தெம்புக்குத்தான், சாப்பாடு ஆகாது.

பூச்சி தலையைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும். வாயைத் திறக்கப் பார்ப்பது, உடலைப் பிடித்து அழுத்துவது இரண்டும் கூடவே கூடாது. மறுநாள் மாலை மறுபடி முயலலாம். பூச்சிக்கு மருத்துவம் பார்க்கும் இடம் கிடைப்பது அரிது என்பதால், காயம் படாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வைத்தியம்.

கறுப்பாக வாந்தி எடுப்பது, கால்கள் தொடர்ந்து நடுங்குவது, பிடி நழுவி அடிக்கடி கீழே விழுவது ஆகியவை உண்மையான ஆபத்து அடையாளங்கள். கெட்டுப்போன அல்லது மருந்து பட்ட இரை காரணமாக இருக்கலாம். மற்ற எல்லா இரையையும் எடுத்துவிட்டு, கூண்டைச் சுத்தம் செய்து, தண்ணீர் மட்டும் கொடுத்து ஒருநாள் விட வேண்டும். அதே சமயம், ராத்திரியில் கண் முழுவதும் கறுப்பாக மாறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். இருட்டில் பார்ப்பதற்காக அப்படி மாறுகிறது. காலையில் பழைய நிறம் வந்துவிடும்.

வயதான பூச்சியின் பசி

இறக்கை முளைத்த ஆண் பூச்சிக்குச் சாப்பாட்டில் நாட்டம் குறைவு. அதன் வேலை பெண்ணைத் தேடிப் போவது. ஒல்லியாகவே இருக்கும், கொஞ்சமாகத்தான் தின்னும். பெண் பூச்சியோ முட்டைக்காக நிறையச் சாப்பிடும். முட்டைக்கூடு வைப்பதற்கு ஓரிரு நாள் முன்பு மட்டும் சாப்பாட்டை நிறுத்தும். ஆணோடு சேராத பெண்ணும் முட்டைக்கூடு வைக்கும் என்பதால் தனியாக வளரும் பூச்சியிலும் இதைப் பார்க்கலாம்.

பெரிய பூச்சியான பிறகு இதன் ஆயுள் சில மாதங்களே. இறக்கை முளைத்துப் பல மாதம் ஆன பூச்சி மெல்ல மெல்லச் சாப்பாட்டைக் குறைத்து, நடை தளர்ந்து, கூண்டின் அடியிலேயே தங்கத் தொடங்கினால் அது முதுமை. வாயருகே தண்ணீரும், வாங்கினால் கொஞ்சம் மென்மையான இரையும் கொடுக்கலாம். அதற்கு மேல் வளர்ப்பவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தவறு நடந்துவிட்டது என்று வருந்தவும் தேவையில்லை.

எங்கிருந்து எடுக்கக் கூடாது, எங்கே விட வேண்டும்?

வீட்டு விளக்குக்கு வந்த பூச்சியைச் சில நாள் வைத்துப் பார்ப்பது வேறு, பாதுகாக்கப்பட்ட இடத்தில் போய்ப் பிடிப்பது வேறு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளிலிருந்தும், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைகள் சரணாலயங்களிலிருந்தும் அனுமதியில்லாமல் எந்த உயிரினத்தையும் எடுப்பது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பூச்சிக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டு இனத்தை ஆன்லைனில் வாங்கி வளர்ப்பவர்கள் அதை ஒருபோதும் வெளியே விடக் கூடாது. உள்ளூர்ப் பூச்சி என்றால் பிடித்த இடத்திலேயே, மருந்து அடிக்காத செடியில், மாலை நேரத்தில் விட்டுவிடலாம். பிடித்து வந்த பெரிய பூச்சி ஒன்று, வெப்பமும் தண்ணீரும் சரியான இரையும் கொடுத்தும் ஒரு வாரமாக எதையும் தொடவில்லை, தோலுரிப்பின் அறிகுறியும் இல்லை என்றால், அதற்குக் கூண்டு பிடிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். செடியில் விட்டுவிடுவது அதற்கும் நல்லது, தோட்டத்துக்கும் நல்லது.

மற்றபடி, சாப்பிடாத பூச்சியைப் பார்த்ததும் செய்ய வேண்டிய வரிசை இது: முதலில் வயிறு, அடுத்து தோலுரிப்பு அறிகுறி, பிறகு தண்ணீர், வெப்பம், இரையின் அளவும் அசைவும். கையால் ஊட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையில் போனால் பெரும்பாலான பூச்சிகளுக்கு இடுக்கியைக் கையில் எடுக்க வேண்டிய தேவையே வராது.